டாங்கியின் காலம் முடிந்துவிட்டதா? ஒரு பழைய மெக்கானிக்கின் பதில்

கேள்வி: உக்ரைனில் இத்தனை டாங்கிகள் எரிந்ததைப் பார்த்த பிறகு, டாங்கியின் காலம் முடிந்துவிட்டது என்று சொல்லலாமா? அல்லது ரஷ்ய ராணுவம்தான் திறமையற்றதா?

இந்திய ராணுவத்தில், வண்டிகளையும் ஆயுதங்களையும் பழுதுபார்க்கும் ஈ.எம்.இ. பிரிவில் 22 ஆண்டுகள் மெக்கானிக்காக வேலை பார்த்தவன் நான். அதில் 14 ஆண்டுகள், ரஷ்யர்களும் பயன்படுத்தும் டி-72 டாங்கிகளோடு கழிந்தன. ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகு கடலூரில் டிராக்டர் பட்டறை நடத்துகிறேன். இரண்டு வேலையிலும் கண்டதை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

2022 பிப்ரவரி 24 அன்று போர் தொடங்கிய சில நாட்களில் ஒரு வீடியோ பரவியது. உக்ரைன் விவசாயி ஒருவரின் டிராக்டர் ரஷ்யக் கவச வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போகும். பின்னால் ஒருவர் ஓடுவார். பட்டறைக்கு வந்தவர்கள் எல்லாரும் அதைக் காட்டிச் சிரித்தார்கள். டாங்கி என்று பலரும் எழுதினார்கள். அது எம்.டி.-எல்.பி. என்ற இலகுவான கவச வண்டி. எடை ஏறக்குறைய 12 டன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சேற்றில் புதைந்த 12 டன்னை ஒரு டிராக்டர் அவ்வளவு எளிதாக இழுக்காது. அந்த வண்டி தடையில்லாமல் உருண்டு போனது. அப்படியானால் பெரிய பழுது எதுவும் இல்லை. டீசல் தீர்ந்திருக்கலாம், பேட்டரி இறங்கியிருக்கலாம், உள்ளே இருந்தவர்கள் விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். எதுவாக இருந்தாலும், அதை மீட்க அவர்கள் தரப்பிலிருந்து ஒரு மீட்பு வண்டி வரவில்லை. ஒரு மெக்கானிக்குக் கண்ணில் படுவது அதுதான். குண்டு விழுவதற்கு முன்பே அந்தப் படை பாதி தோற்றிருந்தது.

ராஜஸ்தானில் ஒரு பெரிய போர்ப் பயிற்சிக்கு முந்தைய இரவு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு ஸ்குவாட்ரனில், அதாவது ஒரு டாங்கிப் படைப்பிரிவில், 14 டாங்கிகள். காலையில் 14-ம் தயார் என்று அறிக்கை போக வேண்டும். ஒன்றில் மட்டும் என்ஜின் சூடேறியதும் ஆயில் பிரஷர் இறங்கியது. குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் முள் சரியாக நிற்கும். பார்க்க வருகிற அதிகாரிக்கு ஒன்றும் தெரியாது. நான் அப்போது இளைஞன். "14 என்றே எழுதிவிடலாம் சாப், மூன்று நாள் தாங்கும்" என்றேன். எங்கள் மேலாளான நாயப் சுபேதார் ஒன்றும் பேசவில்லை. டார்ச்சை என் கையில் கொடுத்தார். நான் எழுதியிருந்த 14-ஐ அடித்து 13 என்று எழுதி, பக்கத்தில் காரணத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் அந்தத் தாளைப் பார்த்த கமாண்டிங் ஆபீசர் கேட்டது ஒரே கேள்வி: "எப்போது சரியாகும்?" மூன்றாம் நாள் அந்த டாங்கி வந்து சேர்ந்துகொண்டது. அவ்வளவுதான் நடந்தது.

ஒரு ராணுவத்தின் திறமை என்று நான் நினைப்பது இந்த ஒரு தாளைத்தான். 13 என்று எழுதினால் அடி விழும் என்ற இடத்தில் எல்லாரும் 14 என்று எழுதுவார்கள். கீழே இருப்பவர் சொன்ன பொய்யை மேலே இருப்பவர் இன்னும் கொஞ்சம் அழகாக்கி அனுப்புவார். அது உச்சிக்குப் போய்ச் சேரும்போது, மூன்று நாளில் தலைநகரைப் பிடித்துவிடலாம் என்ற கணக்காகிவிடும். கீவ் நோக்கிப் போன படை அப்படிப்பட்ட கணக்கோடு போனது என்பதுதான் என் எண்ணம். பயிற்சிக்குப் போகிறோம் என்றுதான் தங்களிடம் சொல்லப்பட்டது என்று பிடிபட்ட ரஷ்ய வீரர்கள் சிலர் கூறினார்கள். டயர் கிழிந்து சேற்றில் கைவிடப்பட்ட பான்ட்ஸிர் வான்காப்பு வண்டியின் படமும் அந்த நாட்களில்தான் வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வந்தவை, வருடக்கணக்கில் வெயிலில் நகர்த்தாமல் நிறுத்தி வைத்து, நடவு வந்ததும் பட்டறைக்கு இழுத்து வரப்படும் டிரெய்லர்கள். டயரின் பக்கவாட்டில் முதலில் மயிரிழைபோல் வெடிப்பு விழும். ஏற்றிய பாரத்தோடு சேற்றில் இறங்கினால் அங்கேதான் கிழியும்.

சேற்றைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கீவுக்கு வடக்கே ஏறக்குறைய 64 கிலோமீட்டர் நீளத்துக்கு ரஷ்ய வண்டிகள் வரிசையாக நின்றன. ஏன் வயலில் இறங்கிப் பரவவில்லை? பனி இளகும் பருவத்தில் அந்த நாட்டு மண் குழம்பாகிவிடும். வண்டிகள் தார்ச்சாலையை விட்டு இறங்க முடியவில்லை. குறிஞ்சிப்பாடிப் பக்கம் சம்பா உழவுக்கு டிராக்டர் இறக்கும் முன், விவரமுள்ள விவசாயி செருப்பைக் கழற்றிவிட்டு, கையில் ஒரு கம்போடு வயலைக் குறுக்கே நடந்து பார்ப்பார். கம்பு எங்கே முழங்கை அளவு இறங்குகிறதோ அந்தப் பக்கம் போகாதே என்று டிரைவரிடம் சொல்வார். நடந்து பார்க்காமல் இறக்கியவர்தான் இரவு எட்டு மணிக்கு எனக்குப் போன் செய்வார். அதற்குள் ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து வண்டியை அச்சுவரை புதைத்திருப்பார்.

நம் நாட்டுப் போர்களிலும் மண்தான் பல டாங்கிகளைப் பிடித்திருக்கிறது. 1965 செப்டம்பரில் பாகிஸ்தானோடு நடந்த போரில், பஞ்சாபின் அசல் உத்தரில் நம் தரப்பு கரும்பு வயல்களில் தண்ணீரைத் திறந்துவிட்டது. அன்றைக்கு நம்மிடம் இருந்தவற்றைவிட நவீனமான பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் அந்தச் சேற்றில் மாட்டிக்கொண்டன. அங்கே பாகிஸ்தான் இழந்த டாங்கிகள் 97 என்று சொல்வார்கள். 1971 டிசம்பரில் ராஜஸ்தானின் லோங்கேவாலாவில் மணல் அதே வேலையைச் செய்தது. நம் வீரர்கள் சுமார் 120 பேர் இரவெல்லாம் தாக்குப்பிடித்தார்கள்; விடிந்ததும் ஜெய்சல்மேரிலிருந்து வந்த ஹண்டர் விமானங்கள், வான்பாதுகாப்பு இல்லாமல் நின்ற பாகிஸ்தான் டாங்கிகளை ஒவ்வொன்றாக அடித்தன. டாங்கியின் காலம் முடிந்தது என்று அப்போது யாரும் முடிவு கட்டவில்லை.

1973-இல் நடந்த அரபு-இஸ்ரேல் போரில்தான் அந்தப் பேச்சு பலமாக எழுந்தது. அக்டோபர் 8 அன்று சினாயில், போதிய காலாட்படையும் பீரங்கியும் இல்லாமல் முன்னேறிய இஸ்ரேலிய டாங்கிகளை எகிப்திய வீரர்கள் சாகர் என்ற டாங்கி எதிர்ப்பு ஏவுகணைகளால் எரித்தார்கள். உலகமே டாங்கிக்கு ஈமச்சடங்கு நடத்தியது. ஒரு வாரம் கழித்து அதே இஸ்ரேல், காலாட்படையையும் பீரங்கியையும் சேர்த்துக்கொண்டு சூயஸ் கால்வாயைக் கடந்தது.

2022 மார்ச்சில் கீவுக்குக் கிழக்கே ப்ரோவரியில் நடந்ததையும் இதோடு வைத்துப் பாருங்கள். இருபுறமும் வீடுகள் உள்ள நெடுஞ்சாலையில் ரஷ்ய டாங்கிகள் நெருக்கமாக, ஊர்வலம்போல் வந்தன. சாலையோரத்தைத் துழாவிப் பார்க்கக் காலாட்படை முன்னால் நடக்கவில்லை. குண்டு விழத் தொடங்கியதும் ஒன்றன்மேல் ஒன்று மோதாத குறையாகத் திரும்பி ஓடின. அதைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கியது. டி-72-இன் பின்னோக்கு வேகம் மணிக்கு 4 கிலோமீட்டர்தான். தேவனாம்பட்டினம் கடற்கரையில் மாலை நடை போகிறவரின் வேகம். முகத்தை எதிரிக்குக் காட்டிக்கொண்டே பின்வாங்க முடியாது. திரும்பினால் கவசம் மெலிந்த முதுகைக் காட்ட வேண்டும். முன்னேறுவதை மட்டும் நினைத்து உருவாக்கிய வண்டி அது.

எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான். ராணுவ ஆள் சேர்ப்புக்காகத் தினமும் விடியற்காலையில் அந்தக் கடற்கரையில் ஓடுகிறான். ஒருநாள் போனை நீட்டி, "மாமா, நாற்பதாயிரம் ரூபாய் ட்ரோன் எப்படிக் கோபுரத்தையே தூக்கி எறிகிறது பாருங்கள்" என்றான். அந்தக் கோபுரம், அதாவது பீரங்கி பொருத்திய டாங்கியின் மேல்பகுதி, ஏன் பறக்கிறது என்று அவனுக்கு விளக்கினேன். டி-72-இல் குண்டை எடுத்துப் போட ஆள் கிடையாது. தரையில் வட்டமாகச் சுழலும் தட்டில் 22 குண்டுகளும் அவற்றின் வெடிமருந்தும் இருக்கும். மீதி உள்ளேயே சுற்றிலும் இருக்கும். தீப்பொறி அங்கே எட்டினால் எல்லாம் ஒன்றாக வெடிக்கும். கமாண்டரும் கன்னரும் அந்தத் தட்டுக்கு நேர் மேலே உட்கார்ந்திருப்பார்கள். அந்த இருக்கையில் நான் மணிக்கணக்கில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன். முழங்கால் எங்கே இடிக்கும் என்பதுகூட நினைவிருக்கிறது. எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் உள்ளே மூன்று பேர் இருந்தார்கள் தம்பி என்றேன். அவன் போனை அணைத்துவிட்டான்.

ட்ரோன் எதையும் மாற்றவில்லை என்று சொன்னால் அது பொய். நிறைய மாற்றிவிட்டது. முன்பெல்லாம் இரவில் ஐம்பது டாங்கிகளைக் காட்டுக்குள் சேர்த்து வைத்து, விடியற்காலையில் ஒரே இடத்தில் குத்தலாம். இப்போது முன்வரிசையிலிருந்து பல கிலோமீட்டர் தூரத்துக்கு, நகரும் எதுவும் மேலிருந்து தெரிகிறது. அதனால் ஒன்றிரண்டாகப் பிரிந்து, மறைவில் நின்று, பீரங்கிபோல் தூரத்தில் சுடுவதற்கே டாங்கிகள் அதிகம் பயன்படுகின்றன. மேலிருந்து வரும் தாக்குதலைத் தடுக்க டாங்கியின் தலைக்குமேல் இரும்புக் கூண்டு பற்றவைத்ததை முதலில் எல்லாரும் கேலி செய்தார்கள்; 2023-இல் இஸ்ரேலின் மெர்காவா டாங்கியிலும் கூண்டு வந்துவிட்டது. படத்தோடு உறுதியான ரஷ்ய டாங்கி இழப்பு மட்டும் 3,000-ஐத் தாண்டிவிட்டது. இத்தனைக்குப் பிறகும் இரு தரப்பும் இன்னும் டாங்கி வேண்டும் என்றுதான் கேட்கின்றன. எதிரியின் அகழிக்கு முன்னால், துப்பாக்கிக் குண்டையும் சிதறலையும் தாங்கிக்கொண்டு பெரிய குண்டைச் சுட வேறு வண்டி இல்லை.

ரஷ்யர்கள் முட்டாள்கள், மேற்கத்திய டாங்கி இருந்தால் வென்றுவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு 2023 ஜூன் பதில் சொன்னது. உக்ரைனின் தெற்கே ஜபோரிஷ்ஷியா முனையில், உக்ரைன் படை கொண்டுவந்த ஜெர்மனியின் லெப்பர்டு டாங்கிகளும் அமெரிக்காவின் பிராட்லி கவச வண்டிகளும் கண்ணிவெடி வயலில் நின்றுபோயின. அதே ரஷ்ய ராணுவம், கண்ணிவெடி, அகழி, ஹெலிகாப்டர் எல்லாவற்றையும் பொருத்தி ஒரு தற்காப்பை அங்கே கட்டியிருந்தது. அடிபட்டுக் கற்றுக்கொண்டார்கள். அதற்கு முந்தைய செப்டம்பரில், காவலர் குறைந்த இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்து வேகமாகப் பாய்ந்த உக்ரைன் படை சில நாட்களிலேயே இசியம் நகரை மீட்டது. இரண்டு தரப்பும் இதே போரில் டாங்கிகளோடு வென்றும் தோற்றும் காட்டியிருக்கின்றன.

இதையெல்லாம் நான் சொல்லும்போது எங்கள் ஊர்க் கதை ஒன்றும் நினைவுக்கு வரும். 1748-இல் பிரிட்டிஷ் அட்மிரல் பாஸ்கவன், இந்தக் கடலில் அதுவரை காணாத கப்பல் பலத்தோடு வந்து, தேவனாம்பட்டினத்தின் செயின்ட் டேவிட் கோட்டையிலிருந்து, பிரெஞ்சுக்காரர்கள் வசம் இருந்த புதுச்சேரியைப் பிடிக்கப் புறப்பட்டார். வழியில் அரியாங்குப்பத்தில் ஒரு சிறு கோட்டை. அதைச் சரியாக வேவு பார்க்காமலே தாக்கி நல்ல அடி வாங்கினார்கள். அங்கேயே பல நாட்கள் போயின. பிறகு புதுச்சேரிக்கு வெளியே, முன்னால் சதுப்பு நிலம் கிடந்த பக்கத்தில் அகழி தோண்டினார்கள். மழை வந்துவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளைக்காரர்களை இழந்து அக்டோபரில் திரும்பினார்கள். இன்றைக்குக் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் அதே வழியாக ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறோம். ஐப்பசியில் அங்கே மண் எப்படி இருக்கும் என்று அந்த ஊர்க்காரர் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்.

போன வாரம் அந்தப் பையனின் அம்மா பட்டறைக்கு வந்தார். "அண்ணா, அவனை டாங்கியில் போட்டுவிட மாட்டார்களே?" என்று கேட்டார். பையன் ஏதாவது வீடியோவைக் காட்டியிருப்பான். எந்தப் பிரிவில் போடுவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, அந்த நாயப் சுபேதார் 14-ஐ அடித்து 13 என்று எழுதியதை அவரிடம் முழுதாகச் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அந்த மாதிரி ஆள் இப்போதும் இருப்பார்களா?" என்றார். இருக்கிறார்கள் என்றேன். நான் அவர்களோடு வேலை பார்த்திருக்கிறேன்.