பாரசீகர் என்றால் யார்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னோடு வேலை பார்க்கும் ஈரானிய நண்பர் தப்ரீஸ்காரர். "நீங்கள் பாரசீகர்தானே?" என்று கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது. அதில் என்ன தப்பு?

உங்கள் எண்ணத்தில் தப்பில்லை. ஊரைத்தான் கவனிக்கவில்லை. தப்ரீஸ் வடமேற்கு ஈரானில் இருக்கிறது. அங்கே வீடுகளில் பேசுவது அஜர்பைஜானி. பேசுகிறவர்கள் அதைத் 'துர்கி' என்பார்கள். உங்கள் நண்பர் ஈரான் குடிமகன். பள்ளிக்கூடத்தில் பாரசீகத்தில்தான் படித்திருப்பார். பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸின் கவிதைகள் நாலைந்தாவது அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். இருந்தாலும் அவர் பாரசீகர் அல்ல.

ஈரானில் எண்ணிக்கையில் பெரிய இனம் பாரசீகர்தான். ஆனால் அஜர்பைஜானியர், குர்துகள், லோர்கள், கீலக்குகள், பலூச்சிகள், அரபுகள், துர்க்மென்கள் எல்லாரையும் சேர்த்தால் அதுவும் பெரிய கூட்டம். அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனம் என்ன என்று கேட்பதில்லை. அதனால் பாரசீகர் இத்தனை சதவீதம் என்று யாராவது அடித்துச் சொன்னால் அதை மதிப்பீடாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தப்ரீஸ் என்றதும் எனக்கு நினைவுக்கு வருகிறவர் கவிஞர் ஷஹ்ரியார். 1988இல் காலமானார். தாய்மொழியான துர்கியிலும் எழுதினார், பாரசீகத்திலும் எழுதினார். அவர் இறந்த தேதியைத்தான் ஈரான் பாரசீகக் கவிதைக்கும் இலக்கியத்துக்குமான தேசிய நாளாக வைத்திருக்கிறது. வீட்டில் பாரசீகம் பேசி வளராத ஒருவரின் நினைவு நாள், பாரசீக இலக்கியத்தின் நாள்! இனம், மொழி, நாடு மூன்றும் அங்கே எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நண்பரின் முகம் வாடியதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். ஈரான் அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு பாரசீகத்தை ஆட்சிமொழியாக்குகிறது. மற்ற மொழிகளைப் பத்திரிகைகளில் பயன்படுத்தலாம், அவற்றின் இலக்கியத்தைப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் வகுப்பறையில் பாடமொழி பாரசீகம்தான். வீட்டில் பேசிய மொழியைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டுப் போன பிள்ளைக்கு அந்த வலி வளர்ந்த பிறகும் போகாது. அது நியாயமான வலி.

கேள்வி: குர்து மொழியும் 'ஈரானிய மொழி' என்று படித்தேன். அப்படியானால் குர்துகளும் பாரசீகர்தானே?

இல்லை. தெலுங்கு திராவிட மொழி என்பதற்காகத் தெலுங்கரைத் தமிழர் என்று சொல்வோமா? அதே கதைதான். 'ஈரானிய மொழி' என்பது குடும்பப் பெயர். குர்து, பலூச்சி, பஷ்தூ, பாரசீகம் எல்லாம் அதில் வரும்.

கேள்வி: பாரசீகம் என்ற நாட்டின் பெயரை ஏன் ஈரான் என்று மாற்றினார்கள்?

உள்ளூரில் எதையும் மாற்றவில்லை. இஸ்லாம் வருவதற்கு முன் ஆண்ட சாசானிய அரசர்கள் காலத்திலிருந்தே அந்த மண்ணின் பெயர் ஈரான்தான். 'பெர்சியா' என்பது கிரேக்கர் வழியாக வெளியுலகம் வைத்த பெயர். பார்ஸ் என்ற ஒரு வட்டாரத்தின் பெயரை நாடு முழுவதற்கும் வைத்துவிட்டார்கள். அரபியில் 'ப' ஒலி கிடையாது என்பதால் பார்ஸ், ஃபார்ஸ் ஆனது. ஷிராஸைத் தலைநகராகக் கொண்ட அந்த மாகாணம் இன்றும் ஃபார்ஸ்தான். 1935இல் அன்றைய மன்னர் ரேசா ஷா, வெளிநாட்டு அரசுகளும் கடிதப் போக்குவரத்தில் ஈரான் என்றே எழுதவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். நடந்தது அவ்வளவுதான்.

கேள்வி: ஃபார்சி, தாரி, தாஜிக் மூன்றும் தனித்தனி மொழிகளா? பேசுகிறவர்கள் எல்லாரும் பாரசீகரா?

என்னைக் கேட்டால் மொழி ஒன்று, அரசாங்கம் மூன்று. ஈரானில் அதன் பெயர் ஃபார்சி. ஆப்கானிஸ்தான் தன் 1964 அரசியல் சட்டத்தில் தாரி என்ற பெயரை வைத்தது. தாஜிகிஸ்தானில் சோவியத் காலத்தில் வந்த சிரிலிக் எழுத்தில் எழுதுகிறார்கள். மூன்று ஊர்க்காரர்களும் உட்கார்ந்து பேசினால் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள்.

வித்தியாசம் காதில் விழும் இடம் ஒன்றைச் சொல்கிறேன். தெஹ்ரானில் பாலும் 'ஷீர்', சிங்கமும் 'ஷீர்'. காபூலிலும் தாஜிகிஸ்தான் தலைநகர் துஷான்பேயிலும் பால் 'ஷீர்', சிங்கம் 'ஷேர்'. ஷேர் ஷா என்று நாம் பள்ளியில் படித்தோமே, அந்த ஷேர்தான். பழைய உச்சரிப்பைக் கிழக்கே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். தெஹ்ரானில்தான் அது மாறிவிட்டது. எனவே தெஹ்ரான் பேச்சே அசல், மற்றதெல்லாம் கிளை என்று நினைக்க வேண்டாம். அரபு வெற்றிக்குப் பிறகு பாரசீக இலக்கியம் தலையெடுத்ததே இன்றைய உஸ்பெகிஸ்தானில் இருக்கும் புகாராவிலிருந்து ஆண்ட சாமானி அரச வம்சத்தின் காலத்தில்தான்.

ஆனால் பேசுகிறவர்கள் எல்லாரும் தங்களைப் பாரசீகர் என்று சொல்வதில்லை. துஷான்பேக்காரர் தாஜிக் என்பார். ஆப்கானிஸ்தானின் ஹசாராக்களும் பேசுவது பாரசீகத்தின் ஒரு வழக்குதான், ஆனால் அவர்கள் ஹசாராக்கள். மொழியை மட்டும் வைத்து இனத்தை முடிவு செய்ய முடியாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

கேள்வி: பார்சிகள் பாரசீகரா, இந்தியரா?

பெயரே 'பார்ஸ் நாட்டார்' என்றுதான் சொல்கிறது. ஈரானின் பழைய சமயமான சரதுஷ்டிர சமயத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஈரானிலிருந்து குஜராத் கரைக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். ஆனால் பல நூற்றாண்டுகளாக வீட்டுமொழி குஜராத்தி, குடியுரிமை இந்தியா. சென்னை ராயபுரத்திலும் அவர்களுக்கு ஓர் அக்னி கோயில் உண்டு. மூதாதையர் வழியில் பாரசீகத் தொடர்புள்ள இந்தியர் என்று சொல்லலாம். பம்பாயில் 'இரானி' டீக்கடைகள் நடத்தியவர்களில் பலரும் சரதுஷ்டிரர்கள்தான். அவர்கள் யஸ்த், கெர்மான் பக்கத்திலிருந்து பிற்காலத்தில் வந்தவர்கள்.

கேள்வி: அமெரிக்காவில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மா "நான் பெர்சியன்" என்கிறார், "ஈரானியர்" என்று சொல்வதே இல்லை. ஏன்?

1979இல் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் பிடிக்கப்பட்ட பிறகு, அமெரிக்காவில் 'ஈரானியர்' என்று சொன்னாலே பகையாகப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. பலர் 'பெர்சியன்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். அவர்களில் அஜர்பைஜானியரும் குர்துகளும்கூட உண்டு. அதனால் அந்த அம்மா சொல்வது இனமாகவும் இருக்கலாம், வெறும் பாதுகாப்பாகவும் இருக்கலாம். நாம் திருத்தப் போகவேண்டாம்.

தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தால் பாரசீகத்தில் "அஹ்லெ கொஜா ஹஸ்தீத்?" என்று கேட்டுப் பாருங்கள். "எந்த ஊர்க்காரர் நீங்கள்?" என்று அர்த்தம். பாரசீகம் பேசி வளர்ந்தவர்களில் பலர் ஷிராஸி, யஸ்தி, இஸ்ஃபஹானி என்று ஊரைத்தான் முதலில் சொல்வார்கள்.