'டவர் இல்லை' என்பதை மேலாளருக்கு எப்படிச் சொல்வது?

போனில் 'நோ டவர் ஹியர்' என்று நீங்கள் சொன்னதும் உங்கள் லண்டன் மேலாளர் புரியாமல் விழித்தார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் விழித்ததில் தப்பில்லை. நமக்கு டவர் என்றால் சிக்னல். அவர்களுக்கு அது வெறும் கோபுரம். அதிலும் பிரிட்டனில் செல்போன் கோபுரத்துக்குப் பேச்சுவழக்கில் 'மாஸ்ட்' என்றுதான் பெயர்.

அங்கே 'ஐ'வ் காட் நோ சிக்னல்' என்றால் போதும், யாருக்கும் புரியும். அமெரிக்கர் என்றால் பெரும்பாலும் 'சர்வீஸ்' என்பார்: 'ஐ டோன்ட் ஹேவ் சர்வீஸ்'. 'ரிசெப்ஷன்' இரண்டு ஊரிலும் செல்லும்.

'கவரேஜ்' மட்டும் கொஞ்சம் வேறு. அது உங்கள் கையிலுள்ள போனைப் பற்றியதல்ல, அந்த வட்டாரத்தைப் பற்றியது. 'தி கவரேஜ் இஸ் பேட்சி' என்றால் இங்கே கிடைக்கும், நாலு அடி தள்ளிப் போனால் கிடைக்காது.

பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் விட்டுவிட்டுக் கேட்கிறதா? 'யூ'ர் பிரேக்கிங் அப்' என்று சொல்லுங்கள். நான் முதலில் இதைக் கேட்டபோது, என்னவோ காதல் முறிவு போல என்று பதறிப்போனேன்! உறவு முறிவுக்கும் இதே சொல்தான், ஆனால் அங்கே யாரோடு முறிவு என்று சொல்லும்போது பின்னால் 'வித்' வரும். அழைப்பு முழுசாகவே அறுந்தால் 'வி காட் கட் ஆஃப்'.

அப்புறம், திரையில் தெரியும் கோடுகள் 'பார்ஸ்'. 'ஐ'வ் ஒன்லி காட் ஒன் பார்' என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் நகருங்கள், மேலாளர் காத்திருப்பார்.