‘நம்ம வீட்டுக்கு எப்பம்மா போவோம்?’

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு 31 வயதாகிறது. என் கணவர் கடலூர் சிப்காட்டில் உள்ள ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு முறையில் வேலை பார்க்கிறார். மகனுக்கு 5 வயது, யு.கே.ஜி. படிக்கிறான், மகளுக்கு 9 மாதம். திருமணமான நாள் முதல் ஏழு ஆண்டுகள் திருப்பாதிரிப்புலியூரில் மாமனார், மாமியார், கொழுந்தனார் குடும்பத்தினருடன் ஒரே வீட்டில் இருந்தோம். கடந்த ஆவணி மாதம், நெல்லிக்குப்பம் சாலைப் பக்கம் பாதி மனைகள் இன்னும் காலியாகவே கிடக்கும் ஒரு புதிய நகரில், நாங்கள் கட்டிய சொந்த வீட்டுக்குக் குடிவந்தோம்.

பெரிய வீடு ஒன்றுமில்லை. 1,200 சதுர அடி மனையில் ஒரு கூடம், இரண்டு படுக்கையறை, ஒரு சமையலறை. அதற்காக வங்கியில் 24 லட்சம் ரூபாய் கடன் வாங்கியிருக்கிறோம். என் நகைகளில் பாதி அடகில் இருக்கின்றன. “வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்பார்கள், இந்த வயதிலேயே இரண்டையும் முடித்துவிட்டாயே” என்று கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். குடிவந்து இரண்டரை மாதம் ஆகிறது. இது என் வீடு என்ற எண்ணம் எனக்கு ஒருநாள்கூட வரவில்லை என்பதை அவர்களிடம் எப்படிச் சொல்வேன்?

மகனை நினைத்தால்தான் அதிகம் கவலையாக இருக்கிறது. மூன்று வயதிலேயே படுக்கையை நனைப்பதை நிறுத்திவிட்டவன், இங்கு வந்த இரண்டாம் வாரத்திலிருந்து வாரத்தில் நான்கு நாட்கள் நனைத்துவிடுகிறான். உறங்கப் போகும்போதெல்லாம் “நம்ம வீட்டுக்கு எப்பம்மா போவோம்?” என்று கேட்பான். இதுதான் நம் வீடு என்று பொறுமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சென்ற வாரம் ஒருநாள் தாங்க முடியாமல் அடித்துவிட்டேன். அதன் பிறகு அவன் கேட்பதில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறான். அவன் கேட்காமல் இருப்பது எனக்கு இன்னும் வேதனையாக இருக்கிறது.

மாமியார் கிரகப்பிரவேசத்தன்று பால் பொங்கியதும் புறப்பட்டுவிட்டார். பிறகு இந்தப் பக்கமே வரவில்லை. அவருடைய மகனை நான்தான் பிரித்து அழைத்து வந்ததாக நினைக்கிறார் போலும். புது வீட்டுக்குப் பழைய பொருட்கள் எதுவும் வேண்டாம் என்று பாய், தலையணை, மகன் படுத்திருந்த அவருடைய பழைய புடவை மெத்தை எல்லாவற்றையும் நான் அங்கேயே விட்டுவிட்டு வந்ததும் அவருக்கு வருத்தம். அங்கே இருந்தபோது ஒரு தனி அறைக்காக எவ்வளவோ ஏங்கினேன். இப்போது பாடலீஸ்வரர் கோயில் மணியும், ரயில் சத்தமும், ஓரகத்தி கொல்லையிலிருந்து கூப்பிடும் குரலும் இல்லாத இந்த மாலை நேரங்கள் எனக்குப் பயமாக இருக்கின்றன. கணவரோ சம்பளம் வந்த அன்று நோட்டுப் புத்தகத்தைத் திறந்து கணக்கெழுதிவிட்டு, அதற்குப் பிறகு மாதம் முழுவதும் அதிகம் பேசுவதில்லை.

மழை தொடங்கியதிலிருந்து நான் சரியாக உறங்குவதும் இல்லை. அவர் இரவு ஷிப்டுக்குப் போயிருக்கும் நாட்களில், மாடியில் மழை விழும் ஒலி கேட்டால் மூன்று நான்கு முறை எழுந்து சுவர்களைத் தடவிப் பார்க்கிறேன். 2011 தானே புயலில் எங்கள் அப்பா வீட்டின் சிமெண்ட் ஷீட்டுகள் பறந்துபோயின. எனக்கு அப்போது 17 வயது. அதெல்லாம் பழைய கதை. மாமியார் வீட்டில் இருந்த ஏழு ஆண்டுகளிலும், 2024 ஃபெஞ்சல் புயலின்போதுகூட, நான் இப்படிப் பயந்ததில்லை.

இவ்வளவு நல்லது நடந்தும் மகிழ முடியாத நான் நன்றி இல்லாதவளா? அல்லது எனக்கு மனநோய் ஏதாவது வந்திருக்கிறதா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கடலூர்.

* * *

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உறவினர்கள் சொன்ன பழமொழியிலிருந்தே தொடங்குகிறேன். அது வாழ்த்துக்காகச் சொல்லப்பட்டதன்று. வீடு கட்டுவதும் கல்யாணம் செய்வதும் மனிதரை எப்படிப் புரட்டிப் போடும் என்று அனுபவப்பட்டவர்கள் விடுத்த எச்சரிக்கை அது. 1967ஆம் ஆண்டில் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ரேஹ் என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள், வாழ்க்கையில் நிகழும் 43 மாற்றங்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஏற்ப மனிதர் தம்மை மாற்றிக்கொள்ள எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்று எண்களால் குறித்தார்கள். வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100, திருமணத்துக்கு 50, குடும்பத்தில் ஒரு புதிய உயிர் வருவதற்கு 39, பெரிய வீட்டுக் கடனுக்கு 31, வீடு மாறுவதற்கு 20. அந்தப் பட்டியல் எல்லா ஊருக்கும் எல்லா மனிதருக்கும் அப்படியே பொருந்திவிடாது. ஆனால், துக்கத்தைப் போலவே மகிழ்ச்சியான மாற்றமும் உடலையும் மனத்தையும் களைப்படையச் செய்யும் என்று அவர்கள் கண்டது உங்களுக்கு முழுவதும் பொருந்துகிறது. குழந்தை, கடன், குடிமாற்றம் ஆகிய மூன்றையும் நீங்கள் ஒரே ஆண்டில் சுமந்திருக்கிறீர்கள். நன்றி இல்லாதவர் என்ற சொல்லை உங்கள்மீது நீங்களே போட்டுக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் ‘பழைய கதை’ என்று ஒரே வரியில் கடந்து சென்ற இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். 2011 டிசம்பர் 30ஆம் தேதி அதிகாலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்ததையும், விடிந்தபோது பண்ருட்டிப் பக்கம் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்து கிடந்ததையும் இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. அந்த இருளில் தலைக்கு மேல் இருந்த கூரை பறந்துபோவதைப் பார்த்த ஒரு பெண்ணின் உடல், வீடு என்பது ஒரே இரவில் இல்லாமல் போகக்கூடிய பொருள் என்பதைக் கற்றுக்கொண்டுவிட்டது. மாமியார் வீட்டில் அந்த அச்சம் ஏன் வெளிப்படவில்லை என்று நீங்கள் வியக்கிறீர்கள். அங்கே கூரைக்குப் பொறுப்பு மாமனார், இரவில் ஒரு சத்தம் கேட்டால் எழுந்து பார்க்கப் பெரியவர்கள் இருந்தார்கள், நீங்கள் உறங்கலாம். இங்கே, கணவர் வேலைக்குப் போன இரவுகளில், இரண்டு குழந்தைகளுக்கும் 24 லட்சம் ரூபாய்க் கூரைக்கும் நீங்கள் ஒருவரே காவல். பதினேழு வயதில் உங்கள் பெற்றோர் நின்ற இடத்தில் இன்று நீங்கள் நிற்கிறீர்கள். அந்தப் பழைய அச்சம் இப்போது விழித்துக்கொண்டதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

கடலூர்க்காரரிடம் மழையைக் கண்டு பயப்படாதீர்கள் என்று சொல்வது பொறுப்பற்ற பேச்சு. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் கரையைக் கடந்த பிறகு, சாத்தனூர் அணையிலிருந்து வந்த நீரால் தென்பெண்ணை பெருகி இந்த ஊருக்கு என்ன செய்தது என்பதை நாம் பார்த்தோம். ஆகவே அச்சத்தை விரட்ட முயலாமல், அதற்குப் பகலில் ஒரு வேலை கொடுங்கள். அக்கம்பக்கத்தில் முன்பிருந்தே வசிப்பவர்களிடம், 2015 வெள்ளத்திலும் 2024 வெள்ளத்திலும் உங்கள் தெருவில் நீர் எதுவரை வந்தது என்று கேட்டு அறியுங்கள். வீட்டுப் பத்திர நகல்கள், கடன் தாள்கள், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை ஆகியவற்றை நீர் புகாத உறையில் இட்டுப் பரணில் வையுங்கள். வெளியேற நேர்ந்தால் எந்த வீட்டுக்கு, யாருடைய வண்டியில் போவது என்பதைக் கணவருடன் பேசி முடிவு செய்து, ஒரு தாளில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். இரவில் மழைச் சத்தத்துக்கு விழித்தால், சுவரைத் தொடாமல் அந்தத் தாளை ஒருமுறை படித்துவிட்டுப் படுங்கள். முதல் சில இரவுகளில் கை சுவரை நோக்கித்தான் போகும். மெல்ல மெல்ல அது குறையும். நான் பார்த்த பலருக்கு அப்படிக் குறைந்திருக்கிறது.

அடுத்து உங்கள் மகன். படுக்கையை நனைப்பதை முதலில் ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், அரிதாகச் சர்க்கரை நோய் ஆகியவற்றாலும் இப்படி நேரலாம், எளிய பரிசோதனைகளில் அது தெரிந்துவிடும். உடலில் ஒன்றுமில்லை என்றால், வீடு மாறிய, தங்கை பிறந்த ஒரு ஐந்து வயதுக் குழந்தை சில மாதங்கள் பின்னோக்கிப் போவது அடிக்கடி காணப்படுவதே. அவன் வேண்டுமென்று செய்யவில்லை. அடியும் வெட்கமும் அதை நீட்டிக்கவே செய்யும்.

இங்கிலாந்தில் குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்த டொனால்ட் வின்னிகாட், குழந்தைகள் விடாமல் பற்றிக்கொள்ளும் அழுக்குப் போர்வையையும் கிழிந்த துணியையும் பற்றி 1950களின் தொடக்கத்தில் எழுதினார். அம்மா அருகில் இல்லாதபோதும் அம்மாவின் அருகாமையைத் தாங்கி நிற்கும் பொருள் அது என்றும், அதன் மணம் மாறிவிடக் கூடும் என்பதால் துவைக்கும் முன்புகூடப் பெரியவர்கள் யோசிக்க வேண்டும் என்றும் அவர் கருதினார். நீங்கள் விட்டுவிட்டு வந்த பாட்டியின் புடவை மெத்தை உங்கள் மகனுக்கு அப்படிப்பட்ட பொருளாக இருந்திருக்கலாம். பழையதைப் புது வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்ற எண்ணம் நம் வீடுகளில் பலருக்கும் உண்டு. அதை நான் குறை சொல்லவில்லை. இந்த ஒன்றுக்கு மட்டும் விலக்கு அளியுங்கள்.

அதை ஆள் அனுப்பி வாங்காதீர்கள். நீங்களே நேரில் போய், மாமியாரிடம், “அத்தை, அந்த மெத்தை இல்லாமல் பிள்ளை உறங்கமாட்டேன் என்கிறான்” என்று கேளுங்கள். அவர் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. ‘போலும்’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஏழு ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்த வீட்டிலிருந்து ஒரு துணிகூட வேண்டாம் என்று போனவர்களின் வீட்டில், பால் பொங்கிய பிறகு தமக்கு என்ன இடம் என்று அவர் எண்ணியிருக்கக் கூடும். விளக்கங்களைவிட, அவரிடம் உங்களுக்கு ஒரு தேவை இருக்கிறது என்று அவர் அறிவதே அவரை உங்கள் வாசலுக்கு அழைத்து வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. கொல்லையில் கறிவேப்பிலைக் கன்று இருந்தால் அதையும் ஒன்று கேளுங்கள். அவரே வந்து நட்டுத் தரட்டும். வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில், ஞாயிறு என்றால் ஒவ்வொரு ஞாயிறும், பிள்ளைகளைத் திருப்பாதிரிப்புலியூருக்கு அழைத்துச் செல்லுங்கள். போய்த் திரும்பும் வழி உறுதியாக இருந்தால்தான் குழந்தை இரண்டு வீடுகளையும் தன்னுடையவையாக ஏற்கும்.

உங்கள் கணவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 20 ஆண்டுக் காலத்துக்கு 8.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், 24 லட்சத்துக்கு மாதத் தவணை ஏறத்தாழ 20,800 ரூபாய். அதில் முதல் மாதம் 17,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும். இவ்வளவு கட்டியும் அசல் அசையவில்லையே என்று அந்த நோட்டுப் புத்தகத்தின் முன் அவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். சம்பள நாளன்று நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். தீர்வு சொல்ல வேண்டாம், எண்களைச் சேர்ந்து பாருங்கள். உங்கள் மழை இரவுகளைப் பற்றி அவருக்குத் தெரியுமா என்பதைக் கடிதத்தில் நீங்கள் குறிப்பிடவில்லை. அன்றே அதையும் சொல்லுங்கள்.

மனநோயா என்ற கேள்விக்கு ஒரு கடிதத்தை வைத்து நான் பதில் சொல்லக் கூடாது. ஆனால், மகப்பேற்றுக்குப் பிறகு முதல் ஓராண்டுக்குள் தாய்மாருக்கு மனச்சோர்வு வரலாம். உங்கள் மகளுக்கு 9 மாதமே ஆகிறது. இரண்டு வாரங்களுக்கு மேல் தொடர்ந்து எதிலும் நாட்டமின்மை, குழந்தை உறங்கும்போதும் உறங்க முடியாமை, பசியின்மை, காரணமில்லாத அழுகை ஆகியவை இருந்தால் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ செல்லலாம். வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், எந்த நேரமானாலும் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.

மகன் கேட்பதை நிறுத்திவிட்டது உங்களை வருத்துகிறது என்றீர்கள். அவன் கேட்டுக்கொண்டிருந்தது உங்களுடைய கேள்வியும்தான் என்பதால்தானோ என்னவோ, அன்று உங்கள் கை ஓங்கியது. இன்று இரவு அவன் சுவர்ப் பக்கம் திரும்பும்போது, அடித்ததற்கு வருந்துகிறேன் என்று சொல்லிவிட்டு, “எனக்கும் பாட்டி வீட்டு நினைப்பாகத்தான் இருக்கிறது, உனக்கு அங்கே எது ரொம்பப் பிடிக்கும்?” என்று நீங்கள் கேளுங்கள். அவன் ரயிலைச் சொல்லலாம், கோயில் மணியைச் சொல்லலாம். சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் பக்கத்தில் படுத்திருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்.