அந்த இருநூறு வெள்ளியோடு விஷயம் முடிந்ததா?

வாசகர் கேள்வி – பதில்: காரும் காப்புறுதியும்

பதில் எழுதுபவர், மோட்டார் காப்புறுதிக் கோரிக்கைப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்.

கேள்வி: அக்கா, வணக்கம். சனிக்கிழமை சாயங்காலம் என் மகன் காரை எடுத்துக்கொண்டு தேக்காவுக்குச் சாமான் வாங்கப் போனான். சிராங்கூன் ரோட்டில் ஒரே நெரிசல். ஊர்ந்து போகும்போது முன்னால் நின்ற காரின் பின்பக்கத்தில் இடித்துவிட்டான். பெரிய சத்தம்கூட இல்லையாம். அது தனியார் வாடகைக் கார். ஓட்டிவந்தவர் நம்மவர்தான், வயதானவர், தன்மையாகத்தான் பேசியிருக்கிறார். “ரிப்போர்ட் எல்லாம் எதற்குத் தம்பி, இன்சூரன்ஸ்தான் ஏறும். எழுநூறு வெள்ளி கொடுத்துவிடு, நான் செய்துகொள்கிறேன்” என்றாராம். இவன் பயந்துபோய் அங்கேயே 200 வெள்ளியைப் போனிலிருந்தே பணம் அனுப்பும் பேநவ்வில் அனுப்பிவிட்டான். மீதியை இந்த வாரத்துக்குள் கேட்கிறார். எழுத்தில் ஒன்றும் இல்லை. மகனுக்கு 22 வயது, லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம்தான் ஆகிறது. கார் என் கணவர் பெயரில் இருக்கிறது. அவர் கல்யாணத்துக்குத் திருச்சி போயிருக்கிறார், இன்னும் அவரிடம் சொல்லவில்லை. இன்சூரன்ஸ் பணம் கேட்காத ஆண்டுகளுக்காகத் தரும் 50 விழுக்காடு தள்ளுபடி போக வருடத்துக்கு 1,100 வெள்ளி இன்சூரன்ஸ் கட்டுகிறோம். கொடுத்து முடித்துவிடலாமா, இன்சூரன்ஸில் போகலாமா?
— ஒரு தாய், சுவா சூ காங்

பதில்: தங்கச்சி, உங்கள் மின்னஞ்சல் ஞாயிறு இரவு வந்தது. இதழ் வரும்வரை காத்திருக்கும் விஷயம் இல்லை என்பதால் அப்போதே இரண்டு வரி அனுப்பினேன்: திங்கள் காலை மகன் காரோடு போய் ரிப்போர்ட் செய்யட்டும், மீதிப் பணத்தை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம் என்று. இதே நிலைமையில் எத்தனையோ குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கொடுத்து முடிப்பதா, இன்சூரன்ஸா என்பதை நீங்கள் நிதானமாக யோசித்து முடிவு செய்யலாம். ரிப்போர்ட்டுக்கு அந்த அவகாசம் கிடையாது. சிங்கப்பூர்ப் பொதுக் காப்புறுதிச் சங்கம் 2008 ஜூனில் கொண்டுவந்த நடைமுறைப்படி, விபத்து எவ்வளவு சின்னதாக இருந்தாலும், வண்டியில் ஒரு கீறலும் இல்லாவிட்டாலும், 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் உங்கள் காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லியாக வேண்டும். இருவரும் பேசி முடித்துக்கொள்வதாக இருந்தாலும் இதே விதிதான். சனிக்கிழமை மாலை நடந்தது, திங்கட்கிழமை ரிப்போர்ட் செய்தால் சரியாக இருக்கும். பாலிசியில் இருக்கும் அவசர எண்ணுக்குப் போன் போட்டால் எந்த மையத்துக்கு வர வேண்டும் என்று சொல்வார்கள். வண்டியை ஓட்டியவர்தான் நேரில் போய் நடந்ததைச் சொல்ல வேண்டும். நீங்கள் கூடப் போங்கள், ஆனால் அவனே பேசட்டும்.

ரிப்போர்ட் செய்யாமல் விட்டால்? நிறுவனம் பொறுப்பேற்க மறுக்கலாம், தள்ளுபடியைக் குறைக்கலாம், பாலிசியைப் புதுப்பிக்காமலும் விடலாம். நாலு மாதம் கழித்து ஒரு வக்கீல் கடிதம் வந்து நிற்கும்போது உங்கள் பக்கம் பேச ஆள் இருக்காது. என்னை மிகவும் வருத்தப்படுத்துகிற கோப்புகள் இவைதான். வருடக்கணக்கில் ஒழுங்காகப் பணம் கட்டிய குடும்பம், எழுநூறு எண்ணூறு வெள்ளி விஷயத்தை மறைக்கப்போய் முழுத் தொகையையும் கைக்காசிலிருந்து கட்டும்.

‘ரிப்போர்ட் செய்தாலே தள்ளுபடி போய்விடும்’ என்று நம் ஆட்கள் பலர் நம்புகிறார்கள். அது தவறு. தகவலுக்காக மட்டும் ரிப்போர்ட் செய்யலாம். உங்கள் பாலிசியின் மேல் இழப்பீட்டுக் கோரிக்கை எதுவும் எழாவிட்டால் தள்ளுபடி அப்படியே இருக்கும். என்சிடி என்று எல்லோரும் சொல்லும் அந்தத் தள்ளுபடியைக் குறைப்பது கோரிக்கைதான்.

அடுத்து, அந்த 200 வெள்ளி. பொதுவாக மோட்டார் பாலிசியில் ஒரு நிபந்தனை இருக்கும்: நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் தவறை ஒப்புக்கொள்ளக் கூடாது, பணம் தருவதாக வாக்குக் கொடுக்கக் கூடாது, கொடுக்கவும் கூடாது. பாலிசியை யாரும் அந்தப் பக்கம் வரை படிப்பதில்லை. மகன் பயத்தில் கொடுத்தது நடந்துவிட்டது. அதை மறைக்காமல் ரிப்போர்ட்டில் சொல்லட்டும், பேநவ் அனுப்பிய பக்கத்தைப் படம் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளட்டும். “நாங்களே பேசி முடித்துக்கொள்ள விரும்புகிறோம், உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?” என்று அங்கேயே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் என் மனசை உறுத்திய விஷயம் வேறு. அது தனியார் வாடகைக் கார் என்கிறீர்கள். அந்தக் கார் அவருடையதுதானா? இத்தகைய கார்கள் பல, வாடகை நிறுவனத்துக்குச் சொந்தமானவை. ஓட்டுநர் தினவாடகை கட்டி எடுத்து ஓட்டுவார். விபத்து என்றால் நிறுவனத்திடம் சொல்ல வேண்டும், அவர்கள் சொல்லும் இடத்தில்தான் வண்டியைப் பழுதுபார்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். விபத்துக்கு அவர் ஒரு தொகையைக் கையிலிருந்து கட்ட வேண்டியும் இருக்கும். அந்தப் பெரியவர் உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் அன்றாடப் பிழைப்பு, பயம் இருக்கும். ஆனால் கார் அவருடையது இல்லை என்றால், ‘இதோடு முடிந்தது’ என்று அவர் சொல்வது கார் உரிமையாளரைக் கட்டுப்படுத்தாது. நீங்கள் எழுநூறையும் கொடுத்த பிறகு, வாடகை நிறுவனம் பழுதுச் செலவையும் வண்டி ஓடாத நாட்களுக்கான வாடகையையும் உங்களிடம் தனியாகக் கேட்கலாம். அதனால் முதல் கேள்வி தொகை பற்றியது இல்லை, “கார் யார் பெயரில் இருக்கிறது?” என்பதுதான். நிறுவனத்துடையது என்றால், உரிமையாளரின் கையெழுத்து இல்லாமல் இன்னொரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, அந்த 700 எங்கிருந்து வந்தது? ரோட்டோரத்தில் நின்று பார்த்துச் சொன்ன கணக்கு அது. இப்போதைய பம்பரின் வெளிப்பக்கம் பிளாஸ்டிக். இடி வாங்கினால் உள்ளே மடங்கி, அடுத்த நொடியே பழைய இடத்துக்கு வந்துவிடும். வெளியே பார்த்தால் நம்பர் பிளேட்டின் திருகு பதிந்த இரண்டு புள்ளியும் ஒரு கீறலும் மட்டும் தெரியும். வொர்க்‌ஷாப்பில் கழற்றிப் பார்த்தால்தான் பிடிக்கும் கிளிப்புகள் உடைந்திருப்பதும், உள்ளே இடியைத் தாங்க வைத்திருக்கும் நுரைப்பட்டை நொறுங்கியிருப்பதும், பார்க்கிங் சென்சார் இடம் பெயர்ந்திருப்பதும் தெரியும். கழற்றியும் ஒன்றுமில்லை, பாலிஷ் போட்டாலே போதும் என்றும் ஆகலாம். இரண்டையும் பார்த்திருக்கிறேன். ஆகவே எழுத்தில் பழுது மதிப்பீடு கேளுங்கள். முடிந்தால் நீங்கள் நம்பும் வொர்க்‌ஷாப்காரர் ஒருவரிடம் அதைக் காட்டுங்கள்.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். 50 விழுக்காடு தள்ளுபடி போக 1,100 வெள்ளி என்றால், தள்ளுபடி இல்லாத சந்தா 2,200 வெள்ளி. தவறு உங்கள் பக்கம் என்று ஒரு கோரிக்கை பதிவானால், 50 விழுக்காடு 20-க்கு இறங்கும். பிறகு வருடத்துக்குப் பத்துப் பத்தாக ஏறும். அதாவது அடுத்த ஆண்டு 1,760 வெள்ளி, அதற்கடுத்து 1,540, பிறகு 1,320, நாலாவது ஆண்டுதான் மறுபடி 1,100. மூன்று ஆண்டுகளில் கூடுதலாகக் கட்டுவது 1,320 வெள்ளி. இதுவும் அடிப்படைச் சந்தாவை நிறுவனம் ஏற்றாமல் இருந்தால்தான். உங்கள் காரையும் இன்சூரன்ஸில் பழுதுபார்த்தால் எக்ஸஸ் தொகையை, அதாவது செலவில் நம் பங்காகப் பாலிசியில் சொல்லியிருக்கும் தொகையை, நீங்கள்தான் கட்ட வேண்டும். இளம் ஓட்டுநர், புது ஓட்டுநர் என்றால் பல பாலிசிகளில் அதற்குக் கூடுதல் எக்ஸஸ் உண்டு. மகன் பெயர் பாலிசியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கோரிக்கை வந்தாலும் தள்ளுபடி குறையாமல் காக்கும் என்சிடி பாதுகாப்பு வாங்கியிருந்தால் கணக்கே மாறிவிடும்.

எனவே உரிமையாளர் கையெழுத்துப் போட்டு, மதிப்பீடு 700, 800-க்குள் வந்து, யாருக்கும் காயம் இல்லை என்றால், பேசி முடிப்பது உங்களுக்கு லாபம்தான். நானே அதைத்தான் சொல்வேன். ஆயிரத்தைத் தாண்டிப் போக ஆரம்பித்தால் இன்சூரன்ஸிடம் விட்டுவிடுங்கள். எதிர்த்தரப்பின் பின்னால் நாள்கணக்கில் வாட்ஸ்அப்பில் பேரம் பேசும் மன உளைச்சலுக்கும் ஒரு விலை உண்டு.

முடிப்பதென்றால் காகிதத்தில் முடியுங்கள். தனிப்பட்ட தீர்வுக்கான படிவம் பொதுக் காப்புறுதிச் சங்கத்தின் இணையப்பக்கத்தில் இருக்கிறது. நீங்களே எழுதினாலும் இந்தக் கருத்து வர வேண்டும்: “இன்ன தேதி மாலை சிராங்கூன் சாலையில் இன்ன எண் கார்கள் இரண்டும் சம்பந்தப்பட்ட விபத்தில் உண்டான வாகனச் சேதம், வாடகை இழப்பு, காயம் உட்பட அனைத்துக்கும் முழுமையான, இறுதித் தீர்வாக, ஏற்கெனவே பெற்ற 200 வெள்ளியையும் சேர்த்து இத்தனை வெள்ளி பெற்றுக்கொண்டேன். இனி ஓட்டியவரிடமோ அவர் காரின் உரிமையாளரிடமோ அவர்களது காப்புறுதி நிறுவனத்திடமோ எதுவும் கோரமாட்டேன்.” கார் உரிமையாளரும் ஓட்டுநரும் இருவருமே கையெழுத்திட வேண்டும். அந்த நகலை உங்கள் நிறுவனத்துக்கும் அனுப்பிவையுங்கள்.

‘காயம்’ என்ற அந்தச் சொல்லை விட்டுவிடாதீர்கள். வாகனச் சேதத்துக்கு வழக்குப் போட 6 ஆண்டும், காயத்துக்கு 3 ஆண்டும் அவகாசம் உண்டு. மெதுவாக இடித்தாலும் கழுத்துவலி மறுநாள்தான் தெரியும். பின்சீட்டில் பயணி யாராவது இருந்தாரா என்று மகனிடம் கேளுங்கள். இருந்தால் அவருடைய உரிமை தனி, ஓட்டுநரின் கையெழுத்து அவரைக் கட்டுப்படுத்தாது. யாராவது வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனதாகத் தெரிந்தால் பேச்சுவார்த்தையை அங்கேயே நிறுத்திவிட்டு நிறுவனத்திடம் ஒப்படையுங்கள். ஆம்புலன்ஸில் போயிருந்தாலோ மூன்று நாள் அல்லது அதற்கு மேல் எம்.சி. (மருத்துவ விடுப்பு) கொடுத்திருந்தாலோ போலிஸிலும் புகார் செய்ய வேண்டும்.

பேச்சு ஒத்துவராமல் போனால், காயமில்லாத, 3,000 வெள்ளிக்குக் குறைவான மோட்டார் கோரிக்கைகள் நீதிமன்றத்துக்கு முன் நிதித்துறைப் பிணக்குத் தீர்வு மையமான ஃபிட்ரெக்கிற்குத்தான் போக வேண்டும். சிறு கோரிக்கை நடுவர் மன்றம் கார் விபத்துச் சேதத்தை எடுத்துக்கொள்ளாது. இதைப் பலர் அங்கே போய் நின்ற பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

காரில் கேமரா இருந்தால் மெமரி கார்டை உடனே கழற்றி வையுங்கள். ஓட ஓடப் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும்.

அப்புறம், உங்கள் கணவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். பாலிசி அவர் பெயரில் இருக்கிறது, நிறுவனம் அவரைத்தான் அழைக்கும். கல்யாண வீட்டில் அந்த அழைப்பில் தெரிந்துகொள்வதைவிட உங்கள் வாயால் கேட்பது அவருக்கு நல்லது. மகனையும் ரொம்பத் திட்டாதீர்கள். வண்டியை நிறுத்தினான், இறங்கிப் பேசினான், வீட்டில் வந்து சொன்னான்.

கேள்வி: உட்லண்ட்ஸில் சிக்னலில் நின்றிருந்தபோது, பக்கத்தில் வந்த மலேசியப் பதிவெண் லாரி என் காரின் பக்கக் கண்ணாடியைத் தட்டிவிட்டது. ஓட்டுநர் மன்னிப்புக் கேட்டு 150 ரிங்கிட் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். தவறு என்னுடையது இல்லையே, நானும் ரிப்போர்ட் செய்ய வேண்டுமா?
— வாசகர், அட்மிரல்டி

பதில்: ஆமாம் தம்பி, செய்ய வேண்டும். யார் தவறு என்பதைப் பொறுத்ததில்லை ரிப்போர்ட். அதோடு வெளிநாட்டு வாகனம் சம்பந்தப்பட்டிருந்தால் போலிஸ் புகாரும் தேவை. நாள் கடந்திருந்தாலும் பரவாயில்லை, இன்றைக்கே இரண்டையும் செய்துவிட்டு, ஏன் தாமதம் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். பணம் வாங்கியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தள்ளுபடி குறையுமோ என்று கவலைப்பட வேண்டாம். விபத்தில் உங்கள் பொறுப்பு 20 விழுக்காட்டுக்கு மேல் போனால்தான் அது பாதிக்கும், நின்றிருந்த காருக்கு அப்படி வருவது அபூர்வம்.

150 ரிங்கிட் போதுமா என்பதுதான் சந்தேகம். இப்போதைய பக்கக் கண்ணாடிக்குள் மடக்கும் மோட்டார், சிக்னல் விளக்கு, சில கார்களில் கேமராவும் இருக்கிறது. மடக்கி, விரித்து, இரவில் ஒருமுறை விளக்கையும் போட்டுப் பாருங்கள். சேதம் அதிகம் என்று தெரிந்தால், லாரியின் பதிவெண்ணும் அதன் கதவில் எழுதியிருக்கும் நிறுவனப் பெயரும் தெரிகிற படத்தை உங்கள் காப்புறுதி நிறுவனத்திடம் கொடுத்து, எதிர்த்தரப்பிடம் கோருவது பற்றிக் கேளுங்கள். அதற்கு முன் கண்ணாடியை மாற்றிவிடாதீர்கள். பழுதுபார்க்குமுன் எதிர்த்தரப்புக் காப்புறுதிக்காரர்கள் வந்து பார்க்க வாய்ப்புக் கொடுக்க வேண்டும்.