போன் பார்க்கும்போது மட்டும் அசையாமல் இருக்கிறானே, டாக்டர்?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்பு. ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காருவதில்லை, போர்டில் எழுதிப் போடுவதைப் பாதியில் விட்டுவிடுகிறான், பக்கத்துப் பையனை நோண்டிக்கொண்டே இருக்கிறான் என்று டைரியில் தினமும் சிவப்பு மையில் எழுதி வருகிறது. வாரத்துக்கு நாலு பென்சில் தொலைக்கிறான். 'ஏடிஹெச்டி-யாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்' என்கிறார் அவன் மிஸ். ஆனால் போனைக் கொடுத்தால் இரண்டு மணி நேரம் ஆடாமல் அசையாமல் இருக்கிறான். 'இவங்கப்பனும் சின்ன வயசில் இப்படித்தான், வளர வளரச் சரியாப் போயிடும்' என்கிறார் என் மாமியார். நாலு அடி போட்டால் சரியாகும் என்கிறார் கணவர். இது நோயா, சேட்டையா? மாத்திரை கொடுத்தால் அதற்கே அடிமையாகிவிடுவானா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: போனிலிருந்தே தொடங்குகிறேன். என்னிடம் வரும் பெற்றோரில் பெரும்பாலானவர்கள் இந்தச் சந்தேகத்தோடுதான் வருகிறார்கள். தவறு உங்களுடையது அல்ல, பெயருடையது. ஏடிஹெச்டி என்பது 'கவனக் குறைபாடு, மிகைத் துடிப்பு' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம். 'கவனக் குறைபாடு' என்றால் கவனமே இல்லை என்றுதானே தோன்றும்? இந்தக் குழந்தைகளிடம் கவனம் நிறையவே இருக்கிறது. வேண்டிய இடத்தில் வேண்டிய நேரத்துக்கு அதை நிறுத்திவைக்கத்தான் முடிவதில்லை. போனில் சில விநாடிக்கு ஒருமுறை புதிதாக ஏதோ வருகிறது, சத்தம் வருகிறது, பரிசு கிடைக்கிறது. கவனத்தைப் பிடித்துவைக்கும் வேலையைப் போனே செய்துவிடுகிறது. கணக்கு நோட்டு அப்படியா? அங்கே அவனே இழுத்துப் பிடிக்க வேண்டும். ஆகவே போன் முன்னால் அசையாமல் இருப்பதை வைத்து ஏடிஹெச்டி இல்லை என்று சொல்ல முடியாது. போனால்தான் இது வந்தது என்பதும் சரியில்லை. இந்தக் குழந்தைகளைப் பற்றி லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் உரையாற்றியது 1902-ல். அப்போது ஏது செல்போன்?

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை. இது குடும்பத்தில் வழிவழியாக வரக்கூடியது. அப்பாவுக்கு இருந்து, யாரும் கண்டுகொள்ளாமல், 'வாலு' என்ற பட்டத்தோடு வளர்ந்திருக்கலாம். மூளையில் திட்டமிடவும் பொறுத்திருக்கவும் உதவும் முன்பகுதி இவர்களிடம் சற்றுத் தாமதமாக முதிர்கிறது. 2007-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் மூளைப் புறணியின், அதாவது மூளையின் வெளிப்புற அடுக்கின் வளர்ச்சியை ஸ்கேனில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மற்றக் குழந்தைகள் ஏழரை வயதில் எட்டிய கட்டத்தை ஏடிஹெச்டி உள்ளவர்கள் பத்தரை வயதில்தான் எட்டியிருந்தார்கள். இதற்கும் புத்திசாலித்தனத்துக்கும் சம்பந்தமில்லை. கெட்டிக்காரப் பையனுக்கும் பிரேக் தாமதமாகப் பிடிக்கலாம், அவ்வளவுதான். வளர வளர ஓட்டமும் குதியும் குறையும். மறதியும் வேலையைத் தள்ளிப்போடுவதும் பலருக்குப் பெரியவர்களான பிறகும் தொடர்கின்றன. 'தானாகச் சரியாகிவிடும்' என்று காத்திருக்கச் சொல்ல நான் தயங்குவது அதனால்தான்.

ஆனால் உங்கள் மகனுக்கு இருப்பது ஏடிஹெச்டி-தான் என்று ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. மிஸ்ஸும் சொல்ல முடியாது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், குறைந்தது ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும், படிப்பையோ பழக்கத்தையோ கெடுக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். பள்ளியில் மட்டும் இப்படி, வீட்டில் எந்தத் தொந்தரவும் இல்லை என்றால் பள்ளியில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். இதற்கென்று ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. கண், காது பார்க்க வேண்டும். வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுத் தூங்குகிறானா என்று கவனியுங்கள். மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை வளர்ந்து இரவுத் தூக்கம் கெட்டாலும் பகலில் இதே ஆட்டம்தான். திடீரென்று சில விநாடி வெறித்துப் பார்த்து நின்றுவிடும் ஒருவகை வலிப்பும், வாசிப்பதிலோ எழுதுவதிலோ கணக்கிலோ மட்டும் திணறும் கற்றல் குறைபாடும் வெளியிலிருந்து பார்த்தால் கவனமின்மை மாதிரியேதான் தெரியும். கற்றல் குறைபாடு ஏடிஹெச்டி-யோடு சேர்ந்தே இருப்பதும் உண்டு.

இன்னொன்று. டாக்டர் அறையில் பையன் சமர்த்தாக உட்கார்ந்துவிட்டால் ஏமாந்துபோகாதீர்கள். புது இடம், புது மனிதர் என்றால் இருபது நிமிடம் சாதுவாக இருந்துவிடுவார்கள். ஒருமுறை ஓர் அம்மா 'வீட்டில் இப்படி இல்லை சார்' என்று அழாக்குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பையன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் மருந்துச் சீட்டு எழுதப் பேனாவை எடுத்தால் ரீஃபில் இல்லை. ஸ்பிரிங்கும் இல்லை. இரண்டும் அவன் சட்டைப் பையில் இருந்தன!

சரி, இப்போது அடிக்கு வருவோம். உங்கள் கணவரும் இதைப் படிக்க வேண்டும். 'ஸ்கூலுக்குப் போகும் முன் என்னென்ன செய்யணும்?' என்று உங்கள் மகனைக் கேட்டுப் பாருங்கள். பல் தேய்க்கணும், டைரி எடுக்கணும், ஷூ போடணும் என்று கடகடவென்று ஒப்பிப்பான். ஏழரை மணிக்கு வேன் ஹாரன் அடிக்கும்போது ஒரு கால் சாக்ஸோடு பல்லியைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அவனுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. தெரிந்தது அந்த நிமிடத்தில் கைக்கு வருவதில்லை. அடி கற்றுக்கொடுப்பதெல்லாம் அவன் ஏற்கெனவே அறிந்ததைத்தான். 'முதல் ரேங்க் வாங்கினால் சைக்கிள்' என்ற வாக்குறுதியும் இதே காரணத்தால் பலிக்காது. ஐந்து மாதம் தள்ளி இருக்கும் சைக்கிள், இப்போது சுவரில் இருக்கும் பல்லியோடு போட்டிபோட முடியாது.

எனவே உதவி எதுவானாலும் வேலை நடக்கும் இடத்தில், அந்த நேரத்தில் இருக்க வேண்டும். புத்தகப் பையை முந்தின இரவே அடுக்கி வாசல் கதவோரம் வைத்துவிடுங்கள். பல் தேய்ப்பது, டைரி, தண்ணீர் பாட்டில், ஷூ என்று நாலு படம் வரைந்து கதவில் அவன் கண் உயரத்துக்கு ஒட்டுங்கள். வரைவது அவனாக இருந்தால் இன்னும் நல்லது. சமையலறையிலிருந்து கத்தாதீர்கள். கிட்டே போய், தோளைத் தொட்டு, ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள். 'குளிச்சிட்டு, யூனிஃபார்மை மடிச்சு வச்சிட்டு, நோட்டை எடுத்துட்டு வா' என்றால் குளித்துவிட்டு வந்து நிற்பான். மீதி இரண்டும் சோப்பு நுரையோடு போயிருக்கும்.

ஹோம்வொர்க்கில் பத்துக் கணக்கு இருந்தால் மூன்று மூன்றாகப் பிரியுங்கள். மேஜையில் அந்த நோட்டும் ஒரு பென்சிலும் போதும். பத்து நிமிட அலாரம் வையுங்கள். மூன்று முடிந்ததும் எழுந்து ஓடட்டும், மொட்டை மாடிக்கு ஒரு நடை போய் வரட்டும். நின்றுகொண்டு எழுதுகிறானா, எழுதட்டும். முடித்ததற்குப் பாராட்டு அங்கேயே, உடனே. பரிசு பெரிதாக வேண்டியதில்லை: ராத்திரிக்குக் கல்தோசையா முறுகலா என்று அவன் முடிவு செய்யலாம், அப்பாவோடு ஒரு ஆட்டம் கேரம் ஆடலாம். எந்தப் பரிசும் சில வாரத்தில் சலித்துவிடும், அப்புறம் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். பள்ளி விட்டு வந்ததும் எட்டு மணி வரை டியூஷன் என்ற ஏற்பாடு இருந்தால் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். நாளெல்லாம் கஷ்டப்பட்டு உட்கார்ந்துவிட்டு வந்த பிள்ளை அவன். ஒரு மணி நேரம் தெருவில் விளையாடட்டும்.

மிஸ்ஸிடம் சண்டைக்குப் போகாதீர்கள். நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் உங்கள் மகனைக் கவனித்து, டாக்டரிடம் காட்டச் சொன்னவர் அவர். கேட்க வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். ஜன்னலுக்கும் கதவுக்கும் தள்ளி, முன் பெஞ்சில், அமைதியான ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் இடம். கவனம் நழுவும்போது பெயர் சொல்லி அதட்டாமல் பெஞ்சில் விரலால் ஒரு தட்டு. போர்டைப் பார்த்து எழுதுவதுதான் இவர்களுக்குப் பெரிய கண்டம், நிமிர்ந்து குனிவதற்குள் விட்ட வரி தொலைந்துவிடும். பாதி எழுதினால் போதும், மீதியைப் பக்கத்து நோட்டைப் பார்த்து வீட்டில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் பெரிய உதவி. எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை இரண்டாவது பீரியடில் ரிஜிஸ்டரைத் தலைமையாசிரியர் அறைக்குக் கொண்டுபோகும் வேலையை இப்படி ஒரு பையனிடம் கொடுத்திருந்தார். எப்படியும் எழுந்து ஓடப் போகிறான், அந்த ஓட்டத்துக்கு ஒரு மரியாதை கிடைத்தது. தண்டனையாக பி.டி. பீரியடை மட்டும் பிடுங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உடம்பு ஓடிக் களைத்தால்தான் அடுத்த பீரியடாவது தப்பும்.

டைரியில் குற்றப்பத்திரிகைக்குப் பதிலாக மூன்று கட்டம் போடச் சொல்லுங்கள்: வகுப்புக் கணக்கை முடித்தான், கை தூக்கிவிட்டுப் பேசினான், பென்சில் வீட்டுக்குத் திரும்பியது. செய்தால் டிக். இரண்டு டிக் வந்தால் அன்று மாலையே அந்தக் கேரம். ஒரு நிமிட வேலை, ஆனால் நான் பார்த்த வரை இதைப்போல் பலன் தருவது குறைவு. பள்ளி மறுத்து அடிதான் கொடுக்கிறது என்றால், 2009 கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையையும் மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை பற்றி. பாதிப்பு லேசானது என்றால் மேலே சொன்னவற்றை இரண்டு மூன்று மாதம் செய்து பார்க்கலாம். ஆறு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோருக்கான பயிற்சிதான் முதலில். உங்கள் மகனின் வயதில், பாதிப்பு அதிகமாக இருந்தால் மருந்துக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம் என்பது என் கருத்து. அதிகம் தரப்படும் மெத்தில்பெனிடேட் சாதாரண வகை அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கி, நாலு மணி நேரம் வரை தாங்கும். பசி குறையும், அதனால் காலை டிபனை முடித்துவிட்டுக் கொடுக்க வேண்டும். மாலையில் கொடுத்தால் தூக்கம் தள்ளிப்போகும். எடை, உயரம், ரத்த அழுத்தம் மூன்றையும் அவ்வப்போது பார்த்துக்கொள்வோம். குடும்பத்தில் இதயக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டாக்டர் சொன்ன அளவில் வாயால் விழுங்கும் பிள்ளை அதற்கு அடிமையாவதில்லை. கட்டுப்பாட்டுக்குள் உள்ள மருந்து என்பதால் சீட்டு இல்லாமல் கடையில் கிடைக்காது, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சீட்டைக் காட்டி வாங்கவும் கூடாது. இது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அட்டோமாக்செட்டின் இருக்கிறது. அதன் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மாத்திரை உட்கார வைக்கும், பையை அடுக்கித் தராது. கதவில் ஒட்டிய படம் அப்படியே இருக்கட்டும்.

முதலில் குழந்தை மருத்துவரிடம் போங்கள். அங்கிருந்து குழந்தை மனநல மருத்துவருக்கோ, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ள, குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கும் மாவட்ட இடையீட்டு மையத்துக்கோ அனுப்புவார்கள். போனில் பேசிப் பார்க்க வேண்டும் என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், கட்டணம் இல்லை. கற்றல் குறைபாடும் இருக்கிறதா என்று கட்டாயம் சோதிக்கச் சொல்லுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏடிஹெச்டி தனியாக இல்லை. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்குக் கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் பின்னால் தேவைப்படும்.

போகும்போது அந்தச் சிவப்பு மை டைரியைக் கிழித்துப்போடாமல் எடுத்துப்போங்கள். எத்தனை மாதமாக, எந்தெந்தப் பீரியடில் என்று தேதியோடு அதில்தான் இருக்கிறது.