உருகிய ஆல்டர்னேட்டர் வயர்: ஒர்க்‌ஷாப் கைகழுவினால் என்ன செய்வது?

கேள்வி: என் சொந்த உபயோகக் காரில் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் கருவி) பழுதாகி, ஒரு தனியார் ஒர்க்‌ஷாப்பில் புதிதாக மாற்றினேன். மூன்றாவது வாரமே பானெட்டுக்குள் கருகல் வாடை. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் தடித்த வயரின் உறை, ஆல்டர்னேட்டர் பக்கம் ஒரு விரல் நீளத்துக்கு உருகியிருக்கிறது. ‘நீங்கள் கூடுதலாக மாட்டிய ஃபாக் லைட்டும் ஆம்ப்ளிஃபயரும்தான் காரணம். பழைய வயரைக் கழற்றிவிட்டுப் புது வயர் போட்டுத் தருகிறோம், பணம் கட்டுங்கள்’ என்கிறார்கள். நான் புகார் கொடுக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் அந்த வயரை அவர்கள் கையில் கொடுத்துவிடாதீர்கள். உங்களிடம் உள்ள முதன்மைச் சான்றே அதுதான்.

பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலை உடனே கழற்றிவிடுங்கள். காரை ஓட்ட வேண்டாம். தீ அபாயம் ஒரு பக்கம். கோளாறு தெரிந்தும் ஓட்டிச் சேதத்தைப் பெருக்கிக்கொண்டால், அந்தக் கூடுதல் சேதத்துக்கு இழப்பீடு கேட்பது கடினம். இழப்பைக் குறைக்க வாய்ப்பிருந்ததா என்பதும் கணக்கில் கொள்ளப்படும் என்று ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 73-ஆம் பிரிவின் விளக்கமே சொல்கிறது.

அடுத்தது, வேறொரு மெக்கானிக்கை வைத்துக் கழற்றுவது. ஸ்பேனர் படுவதற்கு முன்பே ஆல்டர்னேட்டரின் பி பிளஸ் டெர்மினலை (அந்தத் தடித்த வயர் மாட்டும் முனை) நெருக்கமாகப் படமெடுங்கள். நட்டு கையாலேயே சுழன்றால் அதை வீடியோ எடுங்கள். உங்கள் வழக்கில் அதைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது. வயரை இரண்டு முனை லக்குகளோடும் (நட்டில் மாட்டும் உலோக வளையங்கள்) முழுதாகக் கழற்றுங்கள். ஹார்னஸோடு (வயர் கட்டு) சேர்ந்திருந்து கழற்ற முடியாவிட்டால், உருகிய இடத்தைத் தாண்டி 30 செ.மீ. விட்டு வெட்டுங்கள். லக்கில் இருக்கும் கறுப்பையோ பச்சைக் களிம்பையோ துடைக்கக் கூடாது. கவரில் போட்டு ஒட்டி, தேதியிட்டு, நீங்களும் மெக்கானிக்கும் கையெழுத்திடுங்கள்.

இனி ஒர்க்‌ஷாப்பின் வாதத்துக்கு வருவோம். சூடு எங்கே ஏறியது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வயர் நெடுகிலும் உறை இளகியிருந்தால், தேவைக்கு மெல்லிய வயர் என்றோ அளவுக்கு மீறிய கரண்ட் என்றோ பொருள். முனையில் மட்டும் உருகியிருந்தால், பெரும்பாலும் அந்த இணைப்பில்தான் கோளாறு: நட்டு சரியாக இறுகவில்லை, லக் வயரில் சரியாக நசுக்கிப் பொருத்தப்படவில்லை (கிரிம்ப்), அல்லது களிம்பு. 60 ஆம்பியர் பாயும்போது ஓர் இணைப்பில் 0.5 வோல்ட் இழந்தால், அங்கே 30 வாட் வெப்பம் உண்டாகும். சிறிய சால்டரிங் அயர்ன் ஒன்றை லக்கிலேயே வைத்தது போல. சூட்டில் செம்பு ஆக்சைடாகும், மின்தடை கூடும், சூடு இன்னும் ஏறும். மூன்றே வாரத்தில் உறை உருகியது இப்படித்தான் இருக்கும்.

‘கூடுதல் லோடு’ என்ற வாதத்தையும் சோதிக்கலாம். ஆல்டர்னேட்டர் தன் திறனுக்கு மேல் கரண்ட் தராது. அந்தத் திறன் முழுவதையும் தாங்கும் தடிமனில்தான் அதன் வயர் இருக்க வேண்டும். ஆகவே எத்தனை விளக்கு மாட்டினாலும், சரியான வயர் ஒரு முனையில் மட்டும் உருகக் காரணமில்லை. புதிய ஆல்டர்னேட்டரின் லேபிளில் உள்ள ஆம்பியரைப் பழையதோடு ஒப்பிடுங்கள். பழையது 70, புதியது 120 என்று இருந்து வயரை மாற்றாமல் விட்டிருந்தால், அந்தத் தவறும் ஒர்க்‌ஷாப்பைச் சேர்ந்ததே. ஆனால் ஆம்ப்ளிஃபயர்க்காரர் தன் லக்கையும் அதே நட்டுக்கடியில் அடுக்கியிருந்தால், இணைப்பு தளர அதுவும் காரணமாகலாம். அப்படி இருந்தால் மறைக்காதீர்கள். எதிர்த்தரப்பு எப்படியும் கண்டுபிடிக்கும்.

புது வயர் போட்டதும் மெக்கானிக்கிடம் வோல்டேஜ் டிராப் (வழியில் இழக்கப்படும் வோல்ட்) பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜின் 1,500 முதல் 2,000 ஆர்பிஎம்மில், ஹெட்லைட், புளோயர் எல்லாம் ஓட, மல்டிமீட்டரின் ஒரு புரோப் பி பிளஸ் டெர்மினலிலும் மற்றது பேட்டரி பாசிட்டிவிலும். 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. பேட்டரி முனைகளில் பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். 15-ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் கோளாறு, அப்போது ஆல்டர்னேட்டர் விற்றவரையும் தயாரித்தவரையும் சேர்க்க வேண்டிவரும். அளவுகளை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ‘பழைய வயரில் ஓம் (மின்தடை) வைத்துப் பார்த்தோம், சைபர்தான்’ என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள். சாதாரண மீட்டரில் 0.01 ஓம் தெரியாது. 60 ஆம்பியரில் அதுவே 36 வாட்.

சட்டப்படி இது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் சேவைக் குறைபாடு. அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. மெக்கானிக்கின் எழுத்துக் குறிப்பு அதற்குத்தான். பொருளில் குறை என்றால், 38-ஆம் பிரிவின்படி மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. கட்டணத்தை முதலில் உங்களைக் கட்டச் சொல்லலாம். அதே சட்டத்தில் உள்ள ‘தயாரிப்புப் பொறுப்பு’ அத்தியாயத்தை நம்பி இறங்க வேண்டாம். பொருளுக்கே ஏற்படும் சேதம் அதில் அடங்காது.

முதலில் 15 நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். கட்டாயமில்லை என்றாலும் பயன்படும். பிறகு நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். காலக்கெடு 2 ஆண்டு. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. புகைப்படம், வீடியோவுக்கு பாரதிய சாக்‌ஷ்ய அதினியம் (சாட்சியச் சட்டம்), 2023-இன் 63-ஆம் பிரிவின்படி மின்னணுச் சான்றுக்குரிய சான்றிதழை இணையுங்கள். வாகனக் காப்பீட்டை நாடுவதில் பயனில்லை. தீப்பிடித்தால் கோரலாம், வெறும் மின்கோளாறு பொதுவாக விலக்கில் வரும்.

நோட்டீஸ் கிடைத்ததும் ‘இலவசமாகவே செய்து தருகிறோம்’ என்று அழைப்பு வரக்கூடும். சம்மதிப்பதில் தவறில்லை, பழைய வயர் உங்களிடமே இருக்கட்டும், ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரியுள்ள தாளில் மட்டும், வேலை முடிந்து வோல்டேஜ் டிராப் பார்ப்பதற்கு முன் கையெழுத்துப் போடாதீர்கள்.