வாசகர் கேள்வி - பதில்: ஏஐ ஏஜென்டுக்கு கிரிக்கெட் டூல் எழுதுவது எப்படி?

கேள்வி: கிரிக்கெட் தரவு தரும் ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தரவு கேட்கும் இணைப்பு) ஒன்றை, கேள்விக்குப் பதில் தேடித் தரும் ஏஐ ஏஜென்டுடன் இணைத்திருக்கிறேன். ஏபிஐ தரும் எண்கள் சரியாகவே இருக்கின்றன. ஆனால் ஏஜென்ட் சொல்லும் எகானமியும் (பவுலர் ஓவருக்குக் கொடுத்த ரன்) ரன் ரேட்டும் அடிக்கடி தப்பாகின்றன. ஏஜென்டை இயக்கும் ஏஐ மாடலை மாற்றிவிடலாமா? (கோவை வாசகர்)

பதில்: அதற்கு முன், ஏஜென்ட் அழைத்துத் தரவு வாங்கும் டூலுக்கு எழுதிய விளக்கத்தைத் திறந்து பாருங்கள். 'பந்துவீச்சு விவரம் தரும்' என்று ஒற்றை வரி இருந்தால் கோளாறு பெரும்பாலும் அங்கேதான். நீங்கள் எழுதிய நிரல் மாடலின் கண்ணில் படுவதில்லை. டூலின் பெயர், விளக்கம், பாராமீட்டர் (டூலுக்குக் கொடுக்க வேண்டிய உள்ளீடு) பட்டியல் ஆகியவற்றை வைத்துத்தான் எதை எப்போது அழைப்பது என்று அது முடிவு செய்கிறது. திரும்பி வரும் எண்ணுக்குப் பொருள் சொல்வதும் அந்த விளக்கம்தான்.

ஒரு பவுலருக்கு 'ஓவர் 3.5, ரன் 32' என்று ஏபிஐ தருகிறது. ஸ்கோர் பார்த்துப் பழகியவருக்கு அது 3 ஓவர் 5 பந்து. மாடல் அதை மூன்றரை என்று எடுத்து வகுத்தால் எகானமி 9.14 ஆகிவிடும். உண்மையில் வீசியது 23 பந்து. 32-ஐ 23-ஆல் வகுத்து 6-ஆல் பெருக்கினால் 8.35. ஆகவே விளக்கத்தில் இப்படி எழுதுங்கள்: 'ஓவர் மதிப்பில் புள்ளிக்குப் பின் வருவது பந்து எண்ணிக்கை, 0 முதல் 5 வரை. இது தசம எண் அல்ல.'

இதைவிட நல்ல வழி, மொத்தப் பந்துகளைத் தனி எண்ணாகவும் எகானமியைக் கணக்கிட்டும் டூலே தந்துவிடுவது. நெட் ரன் ரேட்டை (ஓவருக்கு எடுத்த ரன்னுக்கும் கொடுத்த ரன்னுக்கும் உள்ள வித்தியாசம்) கட்டாயம் உங்கள் சர்வரிலேயே கணக்கிடுங்கள். ஒரு டி20 அணி 15.2 ஓவரில் ஆல் அவுட் ஆனாலும் அந்தக் கணக்கில் முழு 20 ஓவர் சேரும். இந்த விதியை மாடல் ஒவ்வொரு முறையும் நினைவில் வைத்திருக்கும் என்று நம்பி விடாதீர்கள்.

கேள்வி: தேதி கொடுத்துக் கேட்டால், நடந்த ஆட்டத்தையே 'நடக்கவில்லை' என்கிறது. (திருச்சி வாசகர்)

பதில்: யாருடைய தேதி என்று விளக்கத்தில் சொன்னீர்களா? 2024 டி20 உலகக் கோப்பையின் முதல் ஆட்டம் டல்லாஸ் அருகே ஜூன் 1 இரவு 7.30-க்குத் தொடங்கியது. யுடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் அது ஜூன் 2, 00:30. நமக்கு ஜூன் 2 காலை 6 மணி. ஒரே ஆட்டத்துக்கு இரண்டு தேதி. 'தேதி யுடிசி-யில், ஆண்டு-மாதம்-நாள் வரிசையில். பயனர் இந்திய நேரத்தில் கேட்டால் முந்தைய நாளையும், ஆட்டம் நடக்கும் ஊரின் தேதியில் கேட்டால் முந்தைய, அடுத்த நாட்களையும் சேர்த்துத் தேடு' என்று எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் தீரும்.

இன்னொன்று, வெற்றுப் பட்டியலைத் திருப்பி அனுப்பாதீர்கள். மாடல் அதை 'ஆட்டமே இல்லை' என்று படிக்கும். 'இந்தத் தேதிக்குப் பதிவு இல்லை. அடுத்த நாளைப் பார்க்கவும்' என்று வாசகமாக அனுப்பினால் அடுத்த அடியைச் சரியாக எடுத்து வைக்கும்.

கேள்வி: வீரர் பெயரை நேரடியாகப் பாராமீட்டராக வைக்கலாமா? (மதுரை வாசகர்)

பதில்: வேண்டாம். 'கார்த்திக்' என்றால் தினேஷ் கார்த்திக்கா, முரளி கார்த்திக்கா? 'இந்தியா' என்றால் ஆண்கள் அணியா, பெண்கள் அணியா, 19 வயதுக்குட்பட்டோர் அணியா? பெயரைத் தேடி ஐடி (அடையாள எண்) தர ஒரு டூல், ஐடி வாங்கி எண்கள் தர இன்னொரு டூல் என்று பிரியுங்கள். இரண்டாவதின் விளக்கம் இப்படி இருக்கலாம்:

'ஒரு வீரர் ஒரு தொடரில் எடுத்த ரன், விக்கெட் ஆகியவற்றைத் தரும். முடிந்த ஆட்டங்கள் மட்டும் சேரும். நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்துக்கு லைவ் ஸ்கோர் டூலை அழைக்கவும். ஐடி தெரியாவிட்டால் முதலில் வீரர் தேடல் டூலை அழைக்கவும், ஊகிக்கக் கூடாது. பலர் கிடைத்தால் யார் என்று பயனரிடம் கேட்கவும்.'

எப்போது அழைக்கக் கூடாது என்கிற வரியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். இரண்டு டூல்கள் ஒன்றுபோலத் தெரியும்போது மாடலுக்கு வழிகாட்டுவது அந்த வரிதான்.

சீசனையும் கவனியுங்கள். 2008-ல் நடந்த முதல் ஐபிஎல் சில தரவுத் தொகுப்புகளில் 2007/08 என்று பதிவாகியிருக்கும். செல்லுபடியாகும் சீசன் மதிப்புகளைப் பாராமீட்டரிலேயே பட்டியலிட்டுவிடுங்கள்.

கேள்வி: விளக்கத்தைத் தமிழிலேயே எழுதலாமா? (யாழ்ப்பாணம் வாசகர்)

பதில்: எழுதலாம், மாடல்கள் புரிந்துகொள்ளும். ஆனால் பெரும்பாலான மாடல்களில் ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு டோக்கன் (மாடல் உரையைத் துண்டுகளாக எண்ணும் அலகு) அதிகம் செலவாகும், விளக்கமோ ஒவ்வொரு அழைப்பிலும் கூடவே போகும். அதனால் விளக்கத்தை ஆங்கிலத்தில் வைத்து, 'சிஎஸ்கே', 'சென்னை' போலத் தமிழில் கேட்கப்படும் பெயர்களைத் தேடல் டூலின் மாற்றுப்பெயர்ப் பட்டியலில் சேர்ப்பதே எங்கள் பரிந்துரை. எந்த மொழியில் எழுதினாலும், வாசகர்கள் உண்மையில் கேட்கும் முப்பது கேள்விகளை ஓட்டி, எந்த டூல் எந்த மதிப்போடு அழைக்கப்பட்டது என்று லாகில் (அழைப்புகளின் பதிவில்) பாருங்கள். தப்பான டூல் அழைக்கப்பட்டிருந்தால் முதலில் திருத்த வேண்டியது அந்த டூல், அழைத்திருக்க வேண்டிய டூல் ஆகிய இரண்டின் விளக்கத்தை.